பின்னாடியம்மா

உழவர் சந்தையில் தக்காளி வாங்கப் போனால்கூட அந்தம்மா மேலே இருப்பதைத் தொட மாட்டார். குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒன்றை உருவி, திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அப்புறம்தான் மற்றதெல்லாம். கடைக்காரர் பதறிப்போய், "ஏனுங்க்கா, குமிச்சு வச்சது பூராச் சரிஞ்சு போயிருமுங்க, கொஞ்சம் சொல்லுங்க" என்று என்னிடம் முறையிடுவார். நான் என்னத்தைச் சொல்ல? அந்தக் கையிடம் நானே எத்தனையோ தடவை மாட்டியிருக்கிறேன்.

தட்டில் இட்லியை அடுக்கி நீட்டினால் அடியில் இருப்பதைத்தான் எடுப்பார். பஸ்ஸில் கடைசி சீட். ஒருதரம் அவிநாசிக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். எல்லாரும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, இவரைக் காணோம். தேடிப்போனால் மதிலுக்குப் பின்பக்கம், குப்பை கூட்டுகிற அம்மாவோடு சைகையில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். எதை நாம் காட்ட வேண்டாம் என்று நினைக்கிறோமோ அங்கே அவர் கால் தானாகப் போய்விடும். எங்கள் வீட்டில் தங்கிய நாலாம் நாளே அரிசி டிரம்முக்குப் பின்னாலிருந்து மைசூர்பாகுப் பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. மாசக்கணக்காக நடந்த திருட்டு அன்றைக்கு வெளியே வந்தது. "இந்தம்மா எப்பப் புள்ள ஊருக்குப் போகுது?" என்று அவர் அன்று கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தம்மா டென்மார்க்காரர். நல்ல உயரம். எங்கள் வீட்டு நிலைப்படியில் தினம் ஒருமுறையாவது நெற்றியை இடித்துக்கொள்வார். தமிழில் அவருக்குத் தெரிந்தது ஒரே வார்த்தைதான், "பின்னாடி". அதனாலேயே திருப்பூர் மங்கலம் ரோட்டுக் கம்பெனிகளில் அவருக்குப் பின்னாடியம்மா என்று பேர் வைத்திருந்தோம். சொந்தப் பேர் எனக்குத் தெரியும். எழுதினால் அவருக்குப் பிடிக்காது, விட்டுவிடுகிறேன்.

அந்தக் காலத்தில் நான் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பேக்கிங் இன்சார்ஜ். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காக அதைச் சோதித்துப் பார்க்க வருகிறவர் இவர். இவர் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் லாரி தூத்துக்குடிக்குக் கிளம்பும். அவர் வருகிற அன்று நாங்கள் என்ன செய்வோம் என்பதை இப்போது சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. நல்ல பீஸ் இருக்கிற கார்ட்டன்களை முன்வரிசையிலும் மேலேயும் அடுக்குவோம். தையல் விட்டது, சாயம் திட்டுத் திட்டாகப் பிடித்தது, கழுத்து இழுத்துக்கொண்டது எல்லாம் சுவரோரம் அடியில். முன்னால் இருந்து நாலு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போகிற இன்ஸ்பெக்டர்கள் உண்டு. இவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கார்ட்டன் மலைமேல் ஏறி, சுவரோரம் எட்டிப் பார்த்து விரலை நீட்டுவார். "பின்னாடி." அந்த ஒரு சொல்லில் எங்கள் முகத்தில் ஈயாடாது.

நானும் சும்மா விடவில்லை. ஒருமுறை யோசித்து, யாரிடமும் சொல்லாமல், நல்லதையெல்லாம் பின்னால் அடுக்கிவிட்டு மோசமானதை முன்னால் வைத்தேன். பெரிய மூளைக்காரி என்று எனக்கே என்மேல் பெருமை. அந்தம்மா வந்தார். கார்ட்டன்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சாவகாசமாக முன்வரிசையில் கையை வைத்தார். சரக்கு மொத்தமும் ரிஜெக்ட். போகும்போது என்னிடம், "பேக்கிங், நான் உள்ளே நடந்து வரும்போது நீ ஏன் பின்வரிசையைப் பார்க்கவே இல்லை? வழக்கமாக அங்கேதானே உன் கண் இருக்கும்?" என்று இங்கிலீஷில் கேட்டார். என் பேர் அவருக்குத் தெரியாது. நான் அவருக்குப் பேக்கிங்தான். அன்று முழுக்க அவரைத் திட்டித் தீர்த்தேன், வாய் வலிக்கிற வரைக்கும்.

பிறகு கம்பெனியை மூடினார்கள். நான் வீரபாண்டியில் எங்கள் வீட்டோடு இருந்துவிட்டேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் எங்களுக்குச் சொந்தமான, வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகள் இருக்கின்றன. குடியிருப்பவர்கள் ஒடிசா, பீகார், தேனி, ராமநாதபுரம் என்று எங்கெங்கிருந்தோ பனியன் வேலைக்கு வந்தவர்கள். பெரியவர்கள் ஓவர்டைம் பார்த்துவிட்டு வருகிற வரைக்கும் பிள்ளைகள் ரோட்டில் லாரிக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கும். பார்க்கப் பொறுக்காமல், சும்மா கிடந்த எங்கள் குடோனில் சாயங்காலம் உட்கார வைத்தேன். பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் பனியன் துணி பின்னுகிற நிட்டிங் யூனிட். மெஷின் ஓடுகிற நேரமெல்லாம் கத்தித்தான் பேச வேண்டும். எனக்கு அது பழக்கம்தான். என் குரல் அடுத்த தெருவுக்குக் கேட்கும் என்பார் என் வீட்டுக்காரர்.

பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வெளிநாட்டிலிருந்து ஆள் அனுப்புகிற ஓர் அமைப்பு இருக்கிறது என்று தெரிந்து எழுதிப் போட்டோம். மூன்று மாசத்துக்கு ஒருவர் வருவார், சம்பளம் கிடையாது, தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தால் போதும் என்றார்கள். காலேஜ் முடித்த சின்னப் பெண் யாராவது வருவாள் என்று நினைத்து, மாடி அறையில் பூப்போட்ட ஸ்கிரீன் எல்லாம் மாட்டினேன். கோயமுத்தூர் ஏர்போர்ட்டில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றால், வருகிறார் மகராசி! தலை முழுக்க நரைத்திருந்தது. நடை மட்டும் அதே நடை. என்னைக் கண்டதும் நின்றார்.

"பேக்கிங்!" என்றார்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "ஏனுங்க, பின்னாடியம்மா வந்திருக்குதுங்க" என்றேன். அவர் சிரித்த சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. "உன்ற கணக்கு இன்னும் முடியல போல" என்றார்.

காரில் வரும்போது கேட்டேன், உலகத்தில் வேறு ஊரே கிடைக்கவில்லையா என்று. மரியாதையாகத்தான் கேட்டேன். ஓய்வு பெற்றதும் எந்த நாட்டுக்குப் போகிறீர்கள் என்று அந்த அமைப்பில் கேட்டார்களாம். "திருப்பூருக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன், பெட்டியைத் தவிர ஒன்றையும் பார்த்ததில்லை என்று சொன்னேன்" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இங்கிலீஷ் அவருக்கும் தாய்மொழி இல்லை, பள்ளிக்கூடத்தில் அழுதுகொண்டே படித்ததுதான் என்பதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். இத்தனை வருஷம் பேக்கிங்கில் இருந்த கை சும்மா இருக்குமா? முதல் நாள் வகுப்புக்குப் பிள்ளைகளை அடுக்கினேன். அவிநாசியிலிருந்து என் நாத்தனார் மகன்கள் இரண்டு பேரை வரவழைத்தேன். இங்கிலீஷ் மீடியம், பளிச்சென்று பேசுவார்கள். அவர்களை முன்வரிசையில் வைத்தேன். கொஞ்சம் சுமாரானவர்கள் அடுத்த வரிசை. ஒன்றும் தெரியாதவர்கள் கடைசி. அதற்கும் பின்னால், தூணுக்கு மறைவில், நிட்டிங் யூனிட் சுவரை ஒட்டி, ரீனா.

ரீனாவுக்கு ஒன்பது வயது. அவள் அம்மா சபிதா ஒடிசாவிலிருந்து வந்து கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். வீட்டுக்காரர் இல்லை, மகள் ஒருத்திதான். வந்து இரண்டு வருஷமாகிறது, ரீனா வாயைத் திறப்பதில்லை. கூப்பிட்டால் திரும்பாது. கேட்டால் பதில் வராது. சும்மா சிரிக்கும். லைனில் எல்லாரும் மந்தம் என்றார்கள். நானும் சொன்னேன். அவள் அம்மா காதுபடவே சொன்னேன்.

அந்தம்மா உள்ளே வந்தார். நாத்தனார் மகன்கள் எழுந்து "குட் ஈவினிங்" என்று பாடினார்கள். அவர்களுக்கு ஒரு தலையாட்டல். நேரே நடந்து கடைசி வரிசைக்குப் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"பின்னாடி" என்றார், என்னைப் பார்த்து. கண்ணில் சிரிப்பு.

பிள்ளைகளை அப்படியே திரும்பி உட்காரச் சொன்னார். கடைசி முதலாகிவிட்டது. நான் விடுவேனா? மறுநாள் வரிசையை மாற்றினேன். அவர் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார். ஒரு வாரம் இந்தக் கூத்து நடந்தது. கடைசியில் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்துவிட்டு, "இப்போது அடுக்கு பார்க்கலாம்" என்றார். அடுக்க முடியாதுதான். ஆனால் ரீனாவை மட்டும் தூணுக்குப் பின்னால் தள்ளியே வைத்திருந்தேன். பாவம், அதுவும் சொன்ன இடத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

அந்தம்மா பாடம் நடத்துவதை நல்ல பாடம் என்று சொல்ல முடியாது. பாட்டு, விளையாட்டு ஒன்றும் கிடையாது. தக்காளி, செருப்பு, சாவி என்று எதையாவது பையில் போட்டுக்கொண்டு வருவார். பிள்ளைகள் பையின் அடியிலிருந்து ஒன்றை எடுத்து அதைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் முகம் சுளிக்க மாட்டார், சரியாகச் சொன்னால் பாராட்டவும் மாட்டார். இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பிள்ளைகளுக்கு என்னவோ அது பிடித்துப்போனது.

ஐப்பசியில் ஒருநாள் சபிதா என்னிடம் வந்து அழுதாள். "அக்கா, ஊர்ல இது நெறையப் பேசும். வாய் மூடாது. இங்க வந்து பேச்சு போயிருச்சு. இந்த ஊர் இதுக்கு ஆகல. தம்பி வந்திருக்கான், கூட அனுப்பிடறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ட்ரெயின்."

"உன்ன உட்டுட்டு அது இருக்குமா?" என்றேன்.

"இருக்காது. நானும் இருக்க மாட்டேன். என்ன பண்ண அக்கா? அங்க போனாவாவது பேசட்டும்."

நான் அந்தம்மாவிடம் சொன்னேன். வருஷத்துக்கு ஒருமுறை லீவு கிடைத்தால் சபிதா மகளைப் பார்ப்பாள், இல்லையென்றால் அதுவும் இல்லை என்று சொன்னேன். அன்றைக்குத் திங்கட்கிழமை.

அன்று சாயங்காலம் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனது. பக்கத்தில் நிட்டிங் மெஷின்கள் நின்றன. அந்த ஊமை அமைதியில் அந்தம்மா தூணுக்குப் பக்கத்தில் போய், "வாட்ஸ் யுவர் நேம்?" என்றார். எல்லாரிடமும் கேட்பதுதான். ரீனா சட்டென்று தலையைத் திருப்பி, "ரீனா" என்றது. குரல் கீச்சென்று வந்தது. நாங்கள் எல்லாரும் வாயைப் பிளந்தோம். அந்தம்மா வாயைப் பிளக்கவில்லை. சிலை மாதிரி நின்றார், கரண்ட் வருகிற வரைக்கும். வந்தது. மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. அதே இடத்தில் நின்று, அதே குரலில், அதையே கேட்டார். ரீனா திரும்பவில்லை. முன்னால் வந்து, முகத்தைக் காட்டிக்கொண்டு கேட்டார். ரீனா அவர் உதட்டையே பார்த்துச் சிரித்தது. நோட்டால் வாயை மறைத்துக்கொண்டு கேட்டார். சிரிப்பு நின்றுபோனது.

இடப்பக்கம், வலப்பக்கம், பின்பக்கம் என்று ஒவ்வொரு இடமாக நின்று பார்த்தார். சரக்கைச் சோதிக்கும்போது ஒரு பெட்டியோடு நிறுத்தியவரா அவர்? எல்லாம் முடிந்ததும் என்னைப் பார்த்தார். கம்பெனியில் கேட்கிற அதே குரல்தான்.

"இவளை இந்த இடத்தில் வைத்தது யார்?"

"நான்தான்."

"ஏன்?"

பொய் சொல்ல எத்தனையோ பழகியிருந்தேன். அன்றைக்கு வரவில்லை. "நீங்க பாத்தறக் கூடாதுன்னுதாங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்குப் புரிந்தது. எப்படிப் புரிந்தது என்று கேட்காதீர்கள். காது கேட்காத பிள்ளையைக் கொண்டுபோய், மெஷின் இரைச்சலுக்குப் பக்கத்தில், தூணுக்குப் பின்னால் வைத்துவிட்டு, வாயைத் திற கண்ணு, வாயைத் திற என்று தினமும் கத்தியிருக்கிறேன். எனக்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அந்தம்மா திட்டியிருந்தால்கூட நன்றாயிருந்திருக்கும். "டாக்டர். நாளைக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். சாப்பிட வரவில்லை.

காது டாக்டர் பொறுமையான மனிதர். உள்ளே விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, ரெண்டு காதுலயும் அழுக்குக் கல்லாட்ட அடைச்சிருக்குதுங்க. வலது பக்கம் சீழ் வேற. சொட்டு மருந்து ஊத்துங்க, ஊறட்டும். வெள்ளிக்கிழமை எடுத்துப் பாத்தாத்தான் உள்ள எப்படி இருக்குதுன்னு சொல்ல முடியுமுங்க" என்றார்.

"நரம்பு கிரம்பு ஏதாச்சும்?" என்றேன்.

"இப்பச் சொல்ல முடியாதுங்க."

வெள்ளிக்கிழமை காலையில் டாக்டர், சாயங்காலம் ட்ரெயின். சபிதா டிக்கெட்டைக் கான்சல் பண்ண மாட்டேன் என்றாள். "டாக்டர் முடியாதுன்னு சொல்லிட்டா?" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியுமா? ரீனாவின் துணியெல்லாம் ஒரு பையில் கட்டித் தயாராக வைத்திருந்தாள். அந்த மூன்று நாளும் நான் சோறு தின்றேனா என்பதே ஞாபகமில்லை. அந்தம்மா வேளை தவறாமல் லைன் வீட்டுக்குப் போய், தன் கையாலேயே மருந்து ஊற்றினார். ஊற்றிவிட்டு ரீனாவின் தலையை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அவர் உதடு அசைவதைப் பார்த்தேன். என்ன வேண்டினார், யாரை வேண்டினார், தெரியாது.

வெள்ளிக்கிழமை ரீனாவோடு உள்ளே சபிதா போனாள். நானும் அந்தம்மாவும் வெளியே உட்கார்ந்தோம். அவர் வழக்கம்போலக் கடைசி நாற்காலி. நான் பக்கத்தில். ரொம்ப நேரம் ஆயிற்று. உள்ளே ரீனா ஒருமுறை வீலென்று கத்தியது. அந்தம்மா என் கையைப் பிடித்தார். பிடி எப்படிப்பட்ட பிடி, எனக்கு எலும்பு நொறுங்கியது. விடச் சொல்லவில்லை.

கதவு திறந்தது. டாக்டர் எட்டிப் பார்த்து, "இடது காது நல்லா இருக்குதுங்க, ஒண்ணும் பயமில்ல. வலது பக்கம் சவ்வுல சின்ன ஓட்டை. அது ஆற நாளாகும், பாத்துக்கலாம்" என்றார்.

பின்னாலேயே சபிதா ரீனாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். எனக்கு இருந்த பதற்றத்தில் ஓடிப்போய், பிள்ளையின் முகத்துக்கு நேரே குனிந்து, வழக்கமான என் தொண்டையில், "ரீனா! கண்ணு! கேக்குதா?" என்று கத்தினேன். ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது.

ரீனா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டது. முகத்தைச் சுளித்தது.

"கத்தாதீங்க ஆன்ட்டி" என்றது. "கேக்குது."

நல்ல தமிழ். இரண்டு வருஷத்தில் உதட்டைப் பார்த்தும், அரைகுறையாகக் கேட்டும் எங்களிடமிருந்து பொறுக்கிச் சேர்த்த தமிழ். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ தூக்கி எடுத்த மாதிரி இருந்தது. சபிதா அங்கேயே நின்று தம்பிக்குப் போன் போட்டாள். ஒடியாவில் என்னமோ சொன்னாள். எனக்குப் புரிந்த வார்த்தை டிக்கெட் ஒன்றுதான். பிறகு என்னிடம் திரும்பி, "தம்பி மட்டும் போறான் அக்கா" என்றாள்.

அந்தம்மா என் தோளைத் தட்டினார். பிள்ளை என்ன சொன்னது என்று கேட்டார். இங்கிலீஷில் சொன்னேன். இன்னொருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன். அப்புறம் ரீனாவின் இடப்பக்கம் போய் மண்டி போட்டார். அத்தனை உயரமும் மடங்கி, பிள்ளையின் காதுக்கு நேரே வந்தது. மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, அதையே இங்கிலீஷில் சொல்லிக்கொடுத்தார். ரீனா அவர் உதட்டைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டது. கேட்டுவிட்டு, கண்ணைத் திறந்து, என் பக்கம் விரலை நீட்டி, கணீரென்று சொன்னது.

"டோன்ட் ஷவுட், ஆன்ட்டி!"

மூன்று மாசம் முடிந்து அந்தம்மா ஊருக்குப் போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. ரீனா இப்போது பெரிய வகுப்பில் படிக்கிறாள். வாயை மூடுவதே இல்லை, குரல் அடுத்த தெருவுக்குக் கேட்கும் என்று வீட்டுக்காரர் என்னைச் சொன்னதை இப்போது அவளைச் சொல்கிறார். வாசலில் நின்று நான் யாரைக் கூப்பிட்டாலும் லைன் வீட்டுக்குள்ளிருந்து அவள் குரல் இங்கிலீஷில் என்னை அதட்டுகிறது. வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிடுகிறேன்.